ஸஹீதா எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பாட்டு

என் கணவர் நல்லரத்தினத்திடம் பன்னிரண்டு பாட்டுக் கேட்டால் பன்னிரண்டு கிடைக்கும். நீங்கள் கேட்ட பன்னிரண்டாக இருக்காது. ஆரையம்பதியில் முப்பத்தைந்து வருடமாகப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற மனிதர். முன்பு கசட், பிறகு சீடி, இப்போது பென்ட்ரைவ். இந்தக் குணம் மட்டும் மாறவேயில்லை.

கசட் காலத்தில் ஆட்கள் விருப்பமான பாட்டுகளைத் துண்டில் எழுதி, வெறும் கசட்டோடு தந்துவிட்டுப் போவார்கள். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிடுவார். "இதுக்குப் பின்னால இது வந்தாக் கேக்கிறவன் நித்திரையாப் போவான்" என்று ஒன்றை வெட்டுவார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் இவருக்குச் சோறு இறங்காது. அதற்காக இன்னொன்றை வெட்டுவார். ஏச்சு வாங்குவது கடை வாசலில் இருக்கிற நான். இப்போதும் ஓட்டோக்காரர் ஐந்நூறு பாட்டுக் கேட்டால், ஐந்நூறையும் ஒழுங்குபடுத்த மூன்று நாள் எடுக்கிறார். அவர்கள் கலைத்துப் போட்டுத்தான் கேட்பார்கள் என்று சொன்னால் என்னோடு கோபம்.

போன மாதம் காத்தான்குடியிலிருந்து ஸஹீதா வந்தாள். அந்த நாளிலிருந்தே எங்கள் வாடிக்கைக்காரி. பழைய கசட் ஒன்றை மேசையில் போட்டாள்.

"எங்கட மனிசன் இத ஓட்டோவில கேக்கணுமாம் அண்ணன். பென்ட்ரைவ்ல போட்டுத் தாங்க. எனக்கெண்டா இதக் கண்ணாலயும் காட்டப்படாது."

கசட்டின் மேல் இவருடைய கையெழுத்து. வருடம் தொண்ணூற்றேழு. இவர் அதைப் போட்டார். முதல் பாட்டு நல்ல துள்ளல் பாட்டு. ஸஹீதா எழும்பி நின்றுவிட்டாள்.

"இது நான் எழுதின பாட்டில்லயே!"

இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. அவள் கதிரையில் உட்கார்ந்து எங்களுக்கு விஷயத்தைச் சொன்னாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி, கணவர் நிஸ்தார் கத்தாரில். வீடு கட்டுகிற வேலை முடியும்வரை மருமகன் வரக்கூடாது என்பது அவளுடைய உம்மாவின் கட்டளை. கடிதங்களை உம்மா வாசித்த பிறகுதான் தபாலில் போடலாம். பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? பிரிவுப் பாட்டு, காத்திருக்கிற பாட்டு, தாலாட்டு என்று பன்னிரண்டை வரிசையாக எழுதித் தந்திருக்கிறாள். கேட்டால் புறப்பட்டு வந்துவிடுவார் என்று நம்பியிருக்கிறாள். கத்தார் போகிற ஒருவர் கசட்டைக் கடையிலிருந்தே எடுத்துப் போனதால், அவள் அதைக் கேட்கவேயில்லை.

நிஸ்தாரிடமிருந்து பதில் வந்தது. 'பாட்டெல்லாம் நல்லா இரிக்கு. நீ சந்தோசமா இரிக்கிறது விளங்குது. இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்து வெச்சிட்டன்.'

"நான் அழுததக் கேட்டுப்போட்டு இப்பிடி எழுதிறாரே எண்டு நினைச்சன் அண்ணன். அவர் வரக்குள்ள மகள் ரிப்கா நடந்து திரியிறா. வாப்பாவக் கண்டு பயந்து கத்தி ஓடினா. அந்தக் கசட்ட ஒரு நாளும் வீட்ட போட உட்டதில்ல நான்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டும் அழுகைப் பாட்டு, தங்கச்சி" என்றார். "வெளிநாட்டில கிடக்கிறவன அழ வைக்கப்படாது எண்டு நான்தான் மாத்தினன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அடித்தேன். ஸஹீதா சத்தம் போடவில்லை. "இப்பப் போடுங்க" என்றாள். பன்னிரண்டையும் மனப்பாடமாகச் சொன்னாள். ஏழாவதில் இவர், "இதுக்குப் பிறகு அந்தத் தாலாட்டு வந்தா..." என்று தொடங்கினார்.

"வாயத் திறந்தீங்களெண்டா இந்தக் கடை இண்டையோட பூட்டு!" என்றேன். இவர் அவள் சொன்ன வரிசையிலேயே பதிந்தார்.

மறுநாள் காலை ஓட்டோ கடை முன்னால் வந்து நின்றது. நிஸ்தார் இறங்கவில்லை. தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்சீற்றில் ஸஹீதா. பாட்டு முடியும்வரை நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

நிஸ்தார் கண்ணைத் துடைத்துவிட்டு, "இது அப்ப வந்திருந்தா நான் கையெழுத்தே வெச்சிரிக்க மாட்டன் அண்ணன். ரிப்கா பிறக்கக்குள்ள வீட்ட நிண்டிருப்பன்" என்றார்.

இவர் ஏதோ சொல்லப் பார்த்தார். ஸஹீதா அதைக் கேட்கவில்லை. பின்சீற்றிலிருந்து எட்டி நிஸ்தாரின் தோளில் கையை வைத்தாள்.

"இருபத்தெட்டு வருசமா இந்த மனிசனோட சண்ட பிடிச்சிட்டனே" என்றாள்.