பன்னிரண்டாம் எண் குழாய்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டருக்கும் அவள் அக்காதான். குழந்தைகளுக்கு இதய அறுவை நடக்கும் தியேட்டரை ஒட்டி நீளமாக, ஜன்னல் இல்லாத ஓர் அறை. அது அவளுடைய ராஜ்ஜியம். தையல் நூலிலிருந்து செயற்கை வால்வு வரை அவள் கைபடாமல் எதுவும் உள்ளே போகாது.

அதற்கு முன் எட்டு வருஷம் குழந்தைகளுக்கான செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். "அங்க காலு, இங்க நெஞ்சு. அளவு தப்பினா ரெண்டுமே கடிக்கும்" என்பாள்.

சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு கோளாறோடு பிறக்கின்றன. இதயத்திலிருந்து தனித்தனியே கிளம்ப வேண்டிய இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் ஒரே குழாயாகக் கிளம்பிவிடும். லட்சம் பிறப்பில் ஏழெட்டுப் பேருக்குத்தான் இப்படி. அவற்றைப் பிரித்து, நுரையீரலுக்குப் போக வால்வு வைத்த புதுக் குழாய் ஒன்றைத் தைக்க வேண்டும். பிறந்து சில வாரமே ஆன நெஞ்சுக்குப் பொருந்துவது பன்னிரண்டாம் எண் குழாய். ஆனால் கம்பெனியிலிருந்து அது ஒழுங்காக வருவதே இல்லை. இன்று, நாளை என்று இழுத்தடிப்பார்கள். குழந்தை காத்திருக்குமா? அதைவிடப் பெரிய பதினாறாம் எண்ணை வாங்கி, வால்வின் மூன்று இதழ்களில் ஒன்றை வெட்டி எறிந்து, மீதியைச் சுருக்கித் தைப்பார் பெரிய டாக்டர். வேலை நடந்துவிடும். ஆனால் அறுவை நீளும்.

ஒரு நாள் அப்படி நீண்ட அறுவையிலிருந்து ஒரு குழந்தை திரும்பவில்லை. அதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பெட்டியோடு வந்த ஸ்டிக்கரைப் பதிவேட்டில் ஒட்டும்போது அவள் கை நின்றுவிட்டது. ஸ்டிக்கர் 'பதினாறு' என்றது. அந்தக் குழந்தைக்குள் போனது பதினாறு இல்லையே. பென்சிலை எடுத்து அடியில் எழுதினாள்: 'ஓர் இதழ் வெட்டியது. உள்ளே போன அளவு பன்னிரண்டு.' வெட்டிய துண்டுகள் தியேட்டரிலிருந்து தட்டில் வரும். அவற்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவாள். அன்றிலிருந்து எந்தக் குழந்தைக்கும் அந்தப் பென்சில் வரி தப்பியதில்லை.

மூன்றாம் வருஷம் கம்பெனியின் சந்தை அறிக்கை வந்தது. அந்தக் கோளாறுக்கான சிகிச்சைப் பொருள்கள் வரும் ஐந்து வருஷத்தில் எவ்வளவு விற்கும் என்று கணித்திருந்தார்கள். நான்காம் பக்கத்தில் ஒரு கோடு மாடிப்படி இறங்குவதுபோல இறங்கித் தரையைத் தொட்டது. பன்னிரண்டாம் எண்ணுக்குத் தேவை இல்லை, அடுத்த மாதத்தோடு உற்பத்தி நிறுத்தம்.

அறிக்கையை எழுதியவரே அதை விளக்க நேரில் வந்திருந்தார். அவர் வரைந்த அந்தக் கோட்டுக்காக அக்கா அவருக்கு உடனே பெயர் வைத்துவிட்டாள்: கோட்டுக்காரர்.

"விற்பனை சொல்றதத்தான் நாங்க எழுத முடியும். ரெண்டு வருஷத்துல நீங்க வாங்கினது அம்பத்தெட்டு குழாய். அதுல பன்னிரண்டு ஒண்ணே ஒண்ணு" என்றார் அவர்.

"நீங்க அனுப்பினதே ஒண்ணுதானே சார்!" என்றாள் அக்கா. "நான் செருப்புக் கடைல இருந்தவ. சின்ன அளவு தீர்ந்துபோனா, தாய்மாருங்க பெரிசா வாங்கி நுனியில பஞ்ச அடைச்சுப் போட்டுவிடுவாங்க. எங்க முதலாளி ஏட்டப் பாத்துட்டு, இந்த ஊர்ல சின்னக் காலே கெடையாதுன்னு சரக்க நிறுத்திட்டாரு."

பெரிய டாக்டர் சிரித்தேவிட்டார். கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. "கதை நல்லாருக்கு. ஆதாரம்?"

பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். ஐம்பத்தேழு பதினாறில் நாற்பத்தொன்று வெட்டப்பட்டவை.

"பென்சில்ல எழுதிருக்கீங்களேம்மா. இத எப்படி நம்பறது?"

"அச்சடிச்சு வந்த ஸ்டிக்கர நம்பித்தானே சார் இந்தக் கதிக்கு வந்தோம். டாக்டர் எழுதின அறுவைக் குறிப்பு எல்லாம் கீழ ரெக்கார்டு ரூம்ல இருக்கு. நீங்களே தேதி சொல்லுங்க."

அவர் ஐந்து தேதிகளைத் தேர்ந்தெடுத்தார். கோப்புகள் வந்தன. நான்கு அச்சாகப் பொருந்தின. ஐந்தாவது கோப்பில் வெட்டியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த ஒரு வரி பொய்யாகிவிட்டால் மற்ற நாற்பதும் பென்சில் கிறுக்கல்தான்.

பெரிய டாக்டர் கோப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் குழந்த எடை ரெண்டே முக்கால் கிலோ. இதுக்குள்ள பதினாற முழுசா வெக்க என்னால முடியாது. வெட்டினேன். எழுத மறந்துட்டேன். தப்பு என்னோடது, அக்காவோடது இல்ல."

"நல்லா மறந்தீங்க போங்க, என் உசிரே போயிருச்சு" என்றாள் அக்கா.

இப்போது கோட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். இந்தத் தடவை வேகமாகப் புரட்டவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு, இன்னும் ஆறு ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்தே போன் போட்டார். ஆறிலும் அதே கதைதான், வெட்டுகிறார்கள். பென்சில் மட்டும்தான் எங்கும் இல்லை.

இரண்டு வாரத்தில் புது அறிக்கை வந்தது. நான்காம் பக்கத்துக் கோடு படியேறியது. 'இத்தனை நாள் பெரிய அளவுக்குள் ஒளிந்திருந்த தேவை' என்று ஒரு வாக்கியம். நிறுத்தம் ரத்து. அக்கா அந்தப் பக்கத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்துப் பன்னிரண்டாம் எண் பெட்டிகள் வரிசையாக வந்து இறங்கின. அந்த வாரமே மூன்று கிலோகூட இல்லாத ஒரு பெண் குழந்தை. முதல் பெட்டியைப் பிரித்து அக்காவே தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்பே கதவு திறந்தது.

நர்ஸ் தட்டை நீட்டினாள். துடைத்துவைத்த மாதிரி இருந்தது தட்டு.

"எங்கடி துண்டு?"

"துண்டா? ஒண்ணும் வெட்டலக்கா. அப்படியே போய் உக்காந்துடுச்சு. நீலமா இருந்த பாப்பா நெறம் மாறிடுச்சு, போய்ப் பாருங்க, ரோஸா இருக்கா!"

அக்கா முதலில் பதிவேட்டைத் திறந்தாள். ஸ்டிக்கரை ஒட்டி, விரலால் நீவினாள். பன்னிரண்டு. பழக்க தோஷத்தில் கை பென்சிலை எடுத்துவிட்டது. எழுத ஒன்றும் இல்லை. அதைக் காதில் சொருகிக்கொண்டு குழந்தையைப் பார்க்கக் கிளம்பினாள்.