ஏழாம் மிஷினின் சத்தம்

ஆத்தூரில் காலை மில் வேனில் ஏறும் பெண்களில் செபாஸ்தியம்மாளுக்குத்தான் அனுபவம் அதிகம். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்த நூல் மில்லில் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. வரிசையாக ஓடும் மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுவது அவள் வேலை. கையைவிடக் காது கூர்மை. அவ்வளவு இரைச்சலிலும் ஒரு பேரிங் தேய்ந்து முனகினால் அவளுக்குத் தனியாகக் கேட்டுவிடும். உடனே மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஒச்சப்பனைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பெரும்பாலும் அவள் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும். அன்று சாயங்காலம் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கும்போதே கணவரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

பிறகு புது மேனேஜராக மதியழகன் வந்தார். மனிதர் உழைப்பாளிதான், ஆனால் மிஷின் நின்றால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் மூன்றாம் மிஷினில் சத்தம் கேட்கிறது என்று செபாஸ்தியம்மாள் அவரிடம் போய்ச் சொன்னாள். நிறுத்திப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை.

"நீ என்ன, இன்ஜினியருக்குப் படிச்சிட்டு வந்தியா? நூலைப் பிடிக்கிற வேலைய மட்டும் பாரு."

அதோடு விடவில்லை. டீ நேரம் வரைக்கும் ஷெட் வாசலில் நிற்கச் சொன்னார். அவள் மகள் வயதுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து போனார்கள்.

அதற்குப் பிறகும் அவள் கை அதே வேகத்தில்தான் ஓடியது. ஆனால் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. வீட்டில் மில் பேச்சை எடுப்பதே இல்லை. கணவர் கேட்டதற்கு, "போறேன், வாரேன். வேறென்ன இருக்கு" என்று முடித்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஏழாம் மிஷின் முனகத் தொடங்கியது. முதல் நாளே அவளுக்குக் கேட்டது. மறுநாள் இன்னும் கூடியது. சொல்லலாமா என்று இரண்டு அடி வைத்தவள் திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் மதியம் பேரிங் சூடேறி, அடியில் படிந்திருந்த பஞ்சு பற்றிக்கொண்டது. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் பெல்ட்டைக் கழற்றக் கையை உள்ளே விட்ட ஒச்சப்பனுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் பஸ் பிடித்து, திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் ஒச்சப்பன் வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எனக்கு ரெண்டு நாளாவே சத்தம் கேட்டுச்சு. நான் சொல்லலை."

அவர் அவளை உட்காரச் சொன்னார்.

"எனக்கும் கேட்டுச்சு தங்கச்சி. போன மாசம் ஒரு மிஷினை நிறுத்துனதுக்கு அந்தாளு எல்லார் முன்னாடியும் என்னையப் பேசுன பேச்சுல, இந்தத் தடவை கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

திங்கட்கிழமை முதலாளி நேரில் வந்து எல்லாரையும் கூட்டி விசாரித்தார். தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்றார் மதியழகன். அது உண்மைதான். செபாஸ்தியம்மாள் முன்னே வந்தாள்.

"எனக்குத் தெரியும்யா. சொல்லாம இருந்தது என் தப்பு. முன்னால ஒருக்கா சொன்னதுக்கு வாசல்ல நிறுத்துனாங்க. அதுக்குப் பெறகு எனக்கு வாய் வரலை. இங்க யாருக்கும் வரலை."

முதலாளி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

மதியழகனை வேலையை விட்டு அனுப்பவில்லை. சத்தம் கேட்டவர் யாராக இருந்தாலும் மிஷினை நிறுத்தலாம், வாசலில் நிறுத்தும் வழக்கம் இனி கூடாது என்று மட்டும் முதலாளி சொல்லிப் போனார். மதியழகன் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தை மாதம் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு மில்லுக்குப் போய்விட்டார். ஒச்சப்பன் வேலைக்குத் திரும்பினார். விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. ஸ்பேனரை இடக்கையில் பிடிக்கப் பழகிக்கொண்டார்.

செபாஸ்தியம்மாள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். பழைய சந்தோஷம் அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. மிஷின் கோளாறைச் சொல்லப் போகும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்கிறது. அது அடங்கும்வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லிவிடுகிறாள்.