சத்தம் வெளியே போகாத சுவர்

அக்கா பிளைவுட் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஏதோ முணுமுணுத்தாள். இந்தப் பக்கம் நான் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். தலையை நீட்டி, "கேட்டுச்சாடி?" என்றாள். "கேட்டுச்சு. பசிக்குதுன்னு சொன்னே" என்றேன். முகம் வாடிப்போய் அடுத்த பலகையை எடுக்கச் சொன்னாள். எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் ஜாலான் புசாரை ஒட்டிய மரக்கடை ஒன்றில், ஒரு சனிக்கிழமை மதியம். கூரை இடுக்கு வழியே விழுந்த வெயிலில் மரத்தூள் மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. வாங்கப்போகிறீர்களா இல்லையா என்று மலாயில் கேட்டுக் கேட்டுச் சலித்த சீனக் கடைக்காரர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நினைக்கும்போதெல்லாம் அந்த மதியம் எனக்குத் தூக்கத்தில் நடந்தது போலவே இருக்கிறது.

எல்லாம் அத்தானால் வந்தது. கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவர், முடிவெட்டும் கடையில் கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற குட்டி வண்டி. நீர்த்துளியைப் படுக்கவைத்த மாதிரி வடிவம். உள்ளே இருவர் படுக்க மெத்தை. பின்கதவைத் தூக்கினால் ஒரு சின்ன அடுப்படி. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை; அப்படியொன்று செய்து அக்காவோடு கடலோரம் போய்வர வேண்டும். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் கார் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். சக்கரம் வந்தது, இரும்புச் சட்டம் வந்தது. சுவரில்தான் தகராறு.

தன் பழைய காரால் இழுக்க முடிய வேண்டும் என்பது அத்தானின் கவலை. அக்காவின் கவலை வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து மூவறை வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் என்று ஒரு பட்டாளத்தோடு இருந்தாள். இவர்கள் இருவரும் ஹாலில் படுப்பார்கள். மாமியாருக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. கொஞ்சம் குரல் எழும்பினாலும் அந்தப் பக்கத்திலிருந்து இருமல் கேட்கும். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, தூக்கம் வராதவர், அவ்வளவுதான். குசுகுசுவென்றே பேசிப் பேசி அக்காவின் குரல் தேய்ந்துவிட்டது. சின்ன வயதில் அடுத்த அடுக்குமாடி புளோக் வரை கேட்கும்படி கத்தியவள் அவள். எனக்கு மனசு ஆறவேயில்லை. புருஷனோடு தனியாகக் கிளம்பினால் நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொள்வாள் என்பதால், "தங்கச்சிக்குத் துணி எடுக்கப் போறோம்" என்று சொல்ல நான் தேவைப்பட்டேன். அந்த வருஷம் எனக்கு எடுத்ததாகச் சொன்ன துணியில் ஒரு கடையே வைத்திருக்கலாம்.

முதலில் அலுமினியத் தகடு. இலேசாக இருந்தது. ஒப்புக்கு மாட்டிவைத்து மூவரும் உள்ளே உட்கார்ந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. "வெளிய இருக்கவங்களுக்கும் கேக்காதுல்ல?" என்று அத்தான் நப்பாசையோடு கத்தினார். "மழை நின்னா?" என்றாள் அக்கா. தகடு கழன்றது. பிறகு ஃபைபர்கிளாஸ், அதன் வாடையில் மயக்கம் வந்ததுதான் மிச்சம். கடைசியில் கனமான பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவில் இலவம்பஞ்சு. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே எங்களுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. திறந்து பார்த்தால் கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினாள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

அந்த வண்டியைக் காரில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். பட்டறை வாசல் சரிவையே ஏறமாட்டேன் என்று கார் உறுமி நின்றுவிட்டது. அக்கா பஞ்சடைத்த சுவரில் கைவைத்தபடி நின்றாள். வேறு எந்தச் சுவரையும் அவள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தது. இனி வண்டியும் இல்லை, பயணமும் இல்லை என்று நினைத்தேன். அத்தான் இறங்கி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, மெர்சிங் கடற்கரையில நம்ம பேசுறத யாரு கேக்கப் போறா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மலேசியாவில் ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் போவதற்காக, மாமியார் பக்கத்திலேயே படுத்திருப்பார் என்ற நினைப்பில் மாதக்கணக்கில் சுவர் தேடியிருக்கிறோம். மூன்று பேரில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா? அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் வெளியே கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

மெல்லிய பிளைவுட் ஒற்றை அடுக்காகப் போட்டு நீலப் பெயின்ட் அடித்தார்கள். விரலால் தட்டினால் அந்தப் பக்கம் கேட்கும். இருவருக்கு மேல் இடமில்லாத வண்டி என்பதால் நாத்தனாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மலேசியாவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டி அது அசைந்து அசைந்து போனதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த நீலமும் அதற்கு அப்பால் கடலும் தெரிகின்றன. பிற்பாடு அவர்களுக்குத் தெம்பனிஸில் சொந்த வீடு கிடைத்தது. இன்றைக்கு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டால் நான் அதைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மெர்சிங் பயணம் முடிந்து திரும்பிய அக்காவைப் பார்க்கப் போனேன். மாமியார் மிளகுப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். "கடல்காத்து ஒத்துக்கல போல. பாவம், தொண்டையே கட்டிப்போச்சு இவளுக்கு" என்றார். அவர் பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டு ஹாலுக்குப் போகும்வரை காத்திருந்து, "சளியாக்கா?" என்று கேட்டேன்.

"சண்டைடி" என்றாள், உடைந்த குரலில். "ரெண்டு பேரும் கத்திக் கத்திச் சண்டை போட்டோம்."

"எதுக்கு?"

"யாருக்கு ஞாபகமிருக்கு!" என்றாள். அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.