நூறு நூறு கிராமாக

கள்ளிக்குப்பத்தில் நான் அங்கன்வாடி டீச்சராகச் சேர்ந்த காலத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கப் பாய் போதாது. ஒரு வீட்டுக்கு மூன்று, நான்கு. நான் வீடு வீடாகப் போய்த் திட்டுவேன். "இன்னும் எத்தினி பெத்துக்கப் போற? ஆபரேசனுக்குக் கெளம்பு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனதும் உண்டு. அதில் எனக்குக் கர்வம் வேறு.

இப்போது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. காதுகுத்துக்குப் பேனர் பார்த்து நாளாயிற்று. பிறக்கிற ஒன்றிரண்டையும் நர்சரி ஸ்கூல் வேன் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. போன வருஷம் என்னிடம் மிஞ்சியது பத்துப் பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் மையத்தை மூடிவிடுவோம் என்று சூப்பர்வைசர் மேடம் சொல்லிவிட்டுப் போனார். நான் ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அந்த மாதம் பார்த்து ஒரு பையன் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று வயது. அவன் அம்மாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. சிசேரியன் ஆனபோதே, "ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணுன்னு வளத்துக்கோ" என்று பேசிப் பேசி அவளுக்குக் கருத்தடை ஆபரேஷனையும் செய்ய வைத்தவள் நான்தான். சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அது பொய் அழுகை இல்லை. மறுநாள் மையத்துக்கு வந்து, அவன் பெயரைப் பதிவிலிருந்து எடுக்காமல் விட்டேன்.

பெயர் இருந்தால் மாதாமாதம் எடையைப் போனில் ஏற்ற வேண்டும். எடை கூடாமல் நின்றால் மேடம் கேள்வி கேட்பார். அதனால் நூறு நூறு கிராமாகக் கூட்டினேன். செத்த பிள்ளை என் கையில் நன்றாகவே தேறினான். ஏற்றுகிற எடை பெற்றவள் போனுக்கும் மெசேஜாகப் போகும் என்று டிரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள். அதை மறந்து தொலைத்தேன்.

நான்காவது மெசேஜுக்கு அவள் வந்தாள். பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம். கத்துவாள், அடிப்பாள் என்று எழுந்து நின்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளோ பாயில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள்.

"என் புள்ள பேரு கீதுல்ல டீச்சர்? அவன் முட்டையக் குடு."

கொடுத்தேன். அவன் மஞ்சள் கருவைத் தொடவே மாட்டான். அவளும் அதை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்றாள்.

"இப்ப இன்னா வெயிட்டு கீறான்?"

"பதினாலு முந்நூறு" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. அந்த வாயை நினைத்தால் எனக்கு இன்னமும் அருவருப்பாக இருக்கிறது.

அவள் கை கழுவிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினாள்.

"பேர எடுத்துடாத. அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் நல்லா ஏத்திப் போடு டீச்சர். உசுரோட இருக்க சொல்ல, ஒயுங்கா துன்னவே மாட்டான்."