கல்வெட்டில் இல்லாத என் கணவர்

கணவர் இறந்த துக்கத்தில்தான் நான் எழுதுவதை நிறுத்தினேன் என்று இந்தக் குழுவில் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். ஆனால் அது பிழை. அவர் இறந்தபோது நான் கடைசியாக ஒரு கதை எழுதி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் போன பிறகுதான் திரும்ப எழுதத் தொடங்கினேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

பொரித்த எண்ணெய் மணம்...

இந்த நாட்டுக்கு வந்த பிறகு, மலையடிவார ஊரான இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவருக்கு வேலை. பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டுக் கதவு திறக்கும் முன்பே அந்த மணம் வந்துவிடும். ஜாக்கெட்டை பால்கனியில் தொங்கவிட்டாலும் போகாது.

நான் மேசையில் கதை எழுதிக்கொண்டிருப்பேன். அவர் தானே சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுவார்.

"எழுதி முடிஞ்சுதோ?"

"இல்லை."

ரிவியின் சத்தத்தைக் குறைப்பார். அவ்வளவுதான். என் கதை ஒன்றையும் அவர் வாசித்ததில்லை.

2009 வைகாசியில், பக்கத்துக் கட்டடத்தில் இருந்த வசந்தியின் தாய் வன்னியில், போருக்குள், இறந்த செய்தி வந்தது. போய் முகம் பார்க்க வழியில்லை. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுக்க ஒரு கல்வெட்டாவது அச்சடிக்க வேண்டும் என்று என்னிடம் வந்தாள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, இரங்கற் பாட்டு எல்லாம் சேர்ந்த அந்தச் சிறு புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம்.

நான் தாயைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். கோபம் வந்தால் அடுப்பில் கொதிக்கும் குழம்பைக் கொண்டுபோய் வெளியே ஊற்றிவிடுவாராம். பிறகு அழுதுகொண்டே புதிதாக வைப்பாராம். அதை அப்படியே எழுதினேன். வசந்தி வாசித்துவிட்டுச் சிரித்தாள்... அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் அவளுடைய தமையன் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, அம்மாவைக் கோவக்காரி எண்டு போட்டால் சனம் என்ன சொல்லும்? எல்லாரும் எழுதுற மாதிரி எழுதி விடுங்கோ."

அந்த மாதத்தில் யாரோடும் வாதாட எனக்கு மனம் வரவில்லை. குழம்பை எடுத்துவிட்டு, 'மலர்ந்த முகமும் மாறாத புன்னகையும்' என்று போட்டுக் கொடுத்தேன். மண்டபத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். தூரத்து ஊரான லா ஷோ-து-ஃபோனிலிருந்தும் வந்தார்கள். மலர்ந்த முகம் எல்லோருக்கும் பொருந்தியது. மனைவியை அடித்தவருக்கும் பொருந்தியது.

நான் கன்னியர் மடத்தில் படித்தவள். தேவையில்லாத ஒரு சொல் இருந்தாலும் சிஸ்டர் கட்டுரைக் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார். அங்கே படித்த கையால்தான் இதையெல்லாம் எழுதினேன்.

கதை எழுத உட்கார்ந்தால் அதில் வருபவர்களுக்கும் மலர்ந்த முகம் வந்தது. ஒருநாள் கொப்பியை மூடி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அதன் பிறகு வீட்டில் ரிவியின் சத்தத்தைக் குறைக்க வேண்டிய தேவை வரவில்லை.

அவர் இறந்தார். அவருடைய கல்வெட்டையும் நானே எழுதினேன், ஒரே இருப்பில். கை தானாக எழுதியது.

முப்பத்தோராம் நாள், சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகு, சிவம் கல்வெட்டோடு என்னிடம் வந்தார். சிவம் அவரோடு அதே சமையலறையில் வேலை செய்தவர்.

"அக்கா, வேற ஆற்றையோ கல்வெட்டை மாறித் தந்திட்டியள்."

"ஏன், படம் அவர்தானே?"

"படம் அண்ணைதான். உள்ளுக்கு இருக்கிற ஆளைத்தான் எனக்குத் தெரியேல்லை. அண்ணை எப்ப சிரிச்சவர்? கிழங்கைத் தடிப்பா வெட்டினால் ரெண்டு நாள் எங்களோட கதைக்க மாட்டாரே!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கோபத்தில்தான் கேட்டேன்.

"அப்ப உமக்குத் தெரிஞ்ச ஆள் ஆர்? சொல்லும் பாப்பம்."

சிவம் கல்வெட்டை மேசையில் வைத்தார்.

"மலையிலயிருந்து பரசூட்டில குதிக்கிறவங்கள் எங்கட ஹோட்டலுக்கு முன்னால இருக்கிற புல்வெளியிலதான் வந்து இறங்குவாங்கள், அக்கா. அண்ணை பின்கதவால போய் நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு, 'விழப்போறான், விழப்போறான்' எண்டு ஒவ்வொருத்தனையும் திட்டுவார். உள்ளயிருந்து ஷெஃப் கத்துவான். கடைசி ஆளும் கால் ஊண்டும் வரைக்கும் அண்ணை உள்ள வரமாட்டார். பனிக்குள்ளயும்தான்."

எத்தனை வருடம் அந்த ஜாக்கெட்டை நான் பால்கனியில் தொங்கவிட்டிருப்பேன்... எண்ணெய் மணத்தைத் தவிர அதில் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

அடுத்த நாள் காலை கொப்பியை எடுத்தேன். அரிசித் தூசு படிந்திருந்தது. 'விழப்போறான்' என்று முதல் சொல்லை எழுதினேன். அடுத்த வரியை நாலு முறை வெட்டினேன். வெட்ட வெட்ட, மடத்துப் பள்ளியில் கட்டுரை எழுதிய நாட்களின் அந்தப் பழைய சந்தோஷம் விரல்களுக்கு வந்தது. நிமிர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவருடைய படத்துக்கு விளக்கேற்ற மறந்துவிட்டேன். ஒருநாளும் மறக்காதவள் நான். அவர் குறை நினைத்திருக்க மாட்டார். ரிவியின் சத்தத்தைக் குறைத்திருப்பார்.

முன்பெல்லாம் ஒரு கல்வெட்டை ஒரு பொழுதில் முடிப்பேன். இன்று அவரைப் பற்றிய பதினொரு பக்கத்துக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. இப்போதும் கல்வெட்டு எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். குழம்பை எடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். கடைசி ஆள் தரையில் கால் ஊன்றிய பிறகு, உள்ளே திரும்பும்போது அவர் ஏதாவது சொல்வாரா? சிவத்துக்கு நினைவில்லை. கற்பனையாக ஒன்றைப் போட எனக்குத் தெரியும். போட விரும்பவில்லை.

இதை வாசிப்பவர்களில் அந்தச் சமையலறையில் அவரோடு வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். குரல்பதிவு வேண்டாம். பெருவிரல் உயர்த்தும் படமும் வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று நினைவிருந்தால், அவர் சொன்ன சொல்லிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள். அவர் ஒன்றும் சொல்வதில்லை என்றால், அதையும் எழுதி அனுப்புங்கள்.