கதைக்கு ஒத்துவராத தலைப்பு

என் மகள் லாஸ்பேட்டையில் காலேஜ் முடித்துவிட்டு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் ஐந்தாவது வரை படித்தவள். அவள் என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவில் பூசைக்குப் போய்வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஏதோ போட்டியாம். சாயங்காலம் ஆறு மணிக்குள் கதையை அனுப்ப வேண்டுமாம். எல்லாம் முடிந்தது, தலைப்புதான் அமையவில்லை என்றாள். தலைப்பு கதையை முழுசாகச் சொல்லிவிடக் கூடாதாம், ஆனால் கேட்கிறவனை உள்ளே இழுக்க வேண்டுமாம். மூன்று வைத்திருந்தாள். படித்துக் காட்டினாள்.

"கல்லறைத் திருநாள். ரெண்டு மெழுகுவத்தி. வேறொருத்தி கல்லறை."

மூன்றாவதைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. குழாயை மூடினேன். கதை என்ன என்று கேட்டேன்.

ஒரு அம்மா, ஒரு பெண் குழந்தை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறைக்குப் போகிறார்கள். பழைய கல், பாசி பிடித்தது. தெரிகிற ஒன்றிரண்டு எழுத்தும் பிரெஞ்சு. அப்பா சொல்தா வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பம், அதனால்தான் பிரெஞ்சில் வெட்டியிருக்கிறது என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள்.

அது நான் சொன்னது. வார்த்தை மாறாமல் நான் சொன்னது.

அந்தப் பெண் ஆறாவதில் பிரெஞ்சு படிக்க ஆரம்பிக்கிறாள். அந்த வருஷம், அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், தேங்காய் நாரால் கல்லைத் தேய்க்கிறாள். படிக்கிறாள். அது ஒரு பொம்பளையின் கல்லறை. பத்தொன்பது வயதில் செத்தவள். செத்து நூறு வருஷத்துக்கு மேல்.

ஆறாவது என்றால் பதினோரு வயது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் என்னோடு வந்து அதே கல்லுக்குப் பூ வைத்தாள். முட்டி போட்டு அப்பாவுக்காக மன்றாடினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அங்க போனா மட்டுந்தான் நீ கொஞ்ச நேரம் சும்மா உக்காருவ. அதக் கெடுக்க வேணாம்னு இருந்துட்டேன்."

முடிவையும் சொன்னாள். அப்பா எப்படிச் செத்தார் என்று நான் சொன்னதே இல்லை. அதனால் அவளே யோசித்துக் கட்டியிருந்தாள். அப்பா கடலில் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. துக்கம் தாங்காமல் அம்மா யாரும் வராத ஒரு கல்லைத் தன் புருஷனுடையதாக வைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

தலையாட்டினால் போதும். எனக்கு நல்ல பேர்தான். முத்தியால்பேட்டைக்கு வீடு மாறி வந்தபோதே, செத்துவிட்டார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இருபது வருஷமாக யாரும் துருவிக் கேட்கவில்லை.

தலை ஆடவில்லை.

"தலைப்பு, அப்பா சாகலன்னு வையி" என்றேன்.

அவள் அதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாதாம்மா இருக்கு. ஆனா கதைக்கு ஒத்துவராதே."

"ஒத்துவரும்."

லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் சொன்னேன். அவளுக்கு இரண்டு வயதில் அவர் பாரிசுக்குப் போனார். ஒரு வருஷம் போன் வந்தது. பிறகு அங்கே வேறு குடும்பம் என்று தெரிந்தது. குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? கல்லறை சுலபமாக இருந்தது.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"நாம மெழுகுவத்தி ஏத்துறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

லேப்டாப்பைத் திரும்பப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு கதையின் கடைசிப் பகுதியை மொத்தமாக அழித்தாள். மேலே நான் சொன்ன தலைப்பை டைப் அடித்தாள். மணி ஆறாகி, ஆறரையும் ஆனது. போட்டிக்கு ஒன்றும் போகவில்லை.

இப்போது திருப்பி எழுதுகிறாள். முடிவு வரவில்லையாம். அவருடைய அட்ரஸ் உன்னிடம் இருக்கிறதா என்று போன வாரம் கேட்டாள்.

இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.