அப்பாவின் பஜனைக் கூட்டமும் நானும்

அப்பாவுக்கு ஞாபக மறதி. "நாலு பேரோட பழக விடுங்க" என்று டாக்டர் சொன்னதால், சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயில் பஜனைக்கு என் மனைவிதான் கூட்டிப் போவாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். நான் போனேன்.

அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, காதில் செல்போனோடு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். என் பனியன் கம்பெனித் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் கலர் மாறிவிட்டதாம். திங்கட்கிழமை ஷிப்மெண்ட். பஜனையோ முடிவேனா என்றது.

ஆளுக்கொரு பாட்டு என்று முறை வைத்துப் பாடுகிறார்கள். இப்போது யார் முறை என்று உள்ளே குழப்பம். அப்பாவின் குரல் கேட்டது.

"பழனியக்கா பாடோணுங்க. போன வாரம் முட்டி வலின்னு வரலீங்கல்ல?"

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காலையில் சாப்பிட்டதையே மறந்த மனிதர்! எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

முடிந்ததும் அவருக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். தோளைத் தொட்டார்.

"ஏனுங்க தம்பி, என்னைய ஊட்டுல உட்டுட்டுப் போறீங்களா? எம் பையன் கம்பெனில இருப்பானுங்க. அவனுக்கு இங்கெல்லாம் வர நேரமில்லீங்க."

"சரிங்க" என்றேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

பாடத் தெரியாதவனையும் பஜனையில் சேர்த்துக்கொள்வார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.